மேற்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண்ணை ஊரில் எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த போர்ட்டர்களுக்கும் அவள் அக்காதான். இரண்டாவது நடைமேடையின் மூலையில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் அவள் இடம். ஒரு மேசை, ஒரு மைக், உட்காரும்போதெல்லாம் முனகும் ஒரு நாற்காலி, ஓரம் உடைந்த ஒரு கண்ணாடி ஜன்னல். வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்பதை நிலைய அதிகாரி போனில் சொல்வார். அதை அவள் ஊருக்குச் சொல்வாள்.

அவள் குரலில் அவசரமே இருக்காது. வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால், கேட்கிறவர்களுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு நிதானம் வந்துவிடும். சரி, அக்காவே சொல்லிட்டா, ஒரு டீ குடிப்போம் என்று பெட்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவர் தினமும் காலை வண்டிக்கு நின்றபடி அந்தக் குரலைக் கேட்டு மயங்கி, ஆளைப் பார்க்காமலேயே பெண் கேட்டு அனுப்பினார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழித்து நண்பர்களிடம் சொன்னார்: "மைக்குல தேன், வீட்டுல தேள்." அவளும் சிரித்தாள். வீட்டில் அவள் குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் இருக்கும். ஒரே மகள். அப்பாவோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு அம்மாவைக் கிண்டல் செய்வதுதான் அவளுக்குச் சாப்பாடு மாதிரி.

பிறகு சண்டை வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன்னால் ஆறு வெறும் ஆறாகத்தான் இருந்தது. அந்தக் கரையில் சிமெண்ட் ஆலை, இந்தக் கரையில் ரயில் நிலையம், நடுவில் பாலம், அவ்வளவுதான். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் இரு கரையிலும் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். மைக் அக்காவுக்குத் தெரிந்த தேதி ஒன்றே ஒன்று. பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த நாள். அவள் தம்பி அன்றைக்கு அங்கே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய ஒரு செருப்பும் பழப் பையும் முழுசாகக் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை. குண்டு வைத்தது தாங்கள்தான் என்று அந்தப் பக்கத்துக்காரர்களே அறிக்கை விட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகும் அவள் வேலைக்குப் போனாள். வண்டிகள் குறைந்தன. தம்பியை நினைக்கும்போதெல்லாம் ஆற்றின் அந்தப் பக்கம் முழுக்க எரிந்து சாம்பலாக வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அப்போது எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

இரண்டாம் வருஷம் ராணுவம் பாலத்தைத் தாண்டியது. அந்தப் பக்கத்துக்காரர்கள் கடைசியாகச் சிமெண்ட் ஆலைக்குள் போய் அடைந்துகொண்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள், ஆலைத் தொழிலாளிகள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் எல்லாரும் உள்ளே. சுற்றிலும் ராணுவம். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை ஒரு கேப்டன் அறிவிப்பு அறைக்கு வந்தார். இளம் வயது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒரு உதவி வேணும். நீங்க எங்க கூட ஆலை வரைக்கும் வரணும்."

"நான் எதுக்கு?"

"நாங்க ரெண்டு நாளா ஸ்பீக்கர்ல கூப்பிட்டுப் பார்க்கறோம். வெளிய வர மாட்டேங்கறாங்க. எங்க ஆளு குரலைக் கேட்டாலே சுடறாங்க. உள்ள இருக்கறவங்க பூரா இந்த ஊர்க்காரங்க. பன்னெண்டு வருஷமா உங்க குரலைக் கேட்டவங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நிலைய அதிகாரி பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். போகச் சொல்லவும் அவருக்குப் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

கேப்டன் ஒரு தாளை நீட்டினார். அவள் படித்தாள். படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "இதுல எழுதியிருக்கறது நிஜமா?"

"நான் சொல்றேன்ல, அம்மா. இல்லேன்னா பீரங்கி அடிச்சு ஆலையையே தரைமட்டமாக்கச் சொல்லி உத்தரவு வந்திடும். உள்ள குழந்தைங்க இருக்கு. நீங்க வந்தா அது நடக்காது."

அவள் தம்பியை நினைத்தாள். உள்ளே இருப்பவர்களில் ஒருவன் அந்தக் குண்டை வைத்தவனாக இருக்கலாம் என்று நினைத்தாள். பிறகு குழந்தைகள் என்ற சொல்லை நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

*

ஆலையின் மேற்கு வாசலுக்கு எதிரே, சரக்கு வண்டிப் பெட்டி ஒன்றின் மேல் நான்கு ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் மணல் மூட்டைகள். அங்கே அவளை உட்கார வைத்துக் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறத் தூசி. மரத்து இலைகூடச் சிமெண்ட் பூசினது போல் இருந்தது.

அவள் தன் வேலைக் குரலில் படித்தாள்.

"ஆலைக்குள் இருப்பவர்கள் கவனிக்கவும். ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு, கைகளை உயர்த்தியபடி, மேற்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள். குடிநீர், உணவு, மருத்துவ உதவி ஆகியவை தயாராக உள்ளன. சரணடையும் எவருக்கும் எந்தத் தீங்கும் நேராது."

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். உள்ளேயிருந்து யாரும் சுடவில்லை. அது மட்டும்தான் வித்தியாசம். வாசல் திறக்கவில்லை. கேப்டன் கடிகாரத்தைப் பார்ப்பதும் வயர்லெஸ்காரனைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆலைச் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. அந்த இருமல்தான் அவளை என்னவோ செய்தது. தாளை மடியில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல், அவளாகவே பேசினாள்.

"நான்தான் பேசறேன். ஸ்டேஷன்ல பேசறவ. உங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து வாசல் திறந்தது.

முதலில் பெண்கள் வந்தார்கள். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளையாக இருந்தது. எல்லாருமே கிழவிகள் போல இருந்தார்கள். கிட்டே வந்ததும்தான் பாதிப் பேர் சின்னப் பெண்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அதை அவள் கண்ணால் பார்த்தாள். ரொட்டியும் கொடுத்தார்கள். அவர்களை லாரியில் ஏற்றினார்கள். பிறகு ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் துப்பாக்கிகள் குவிந்தன. கையில் ஒன்றுமே இல்லாமலும் பலர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் பெட்டிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தூக்கிய கையை இறக்காமலேயே விரல்களை மட்டும் லேசாக அசைத்தான். ஸ்டேஷனில் தெரிந்தவர்களைப் பார்த்தால் அசைப்பது போல.

அவன் மேல் அவளுக்கு வெறுப்பு வரவில்லை. அதுதான் அன்றைக்கு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போதும்மா, நீங்க கிளம்புங்க. பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க" என்றார் கேப்டன். அவர் கண் கலங்கியிருந்தது போல அவளுக்குப் பட்டது. ஜீப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, வரிசையாகக் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றாள்.

"பிடிச்ச துப்பாக்கியை எல்லாம் காலி பண்றாங்கம்மா. குண்டோட வச்சிருக்கக் கூடாதுல்ல" என்றான் டிரைவர், கண்ணாடியில் அவளைப் பார்க்காமல்.

அவள் தலையாட்டினாள். அப்படியும் இருக்கலாம். நம்புவதற்கு அது வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கணவர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். "ஒரு குண்டு செலவில்லாம, பேசியே சண்டையை முடிச்சுட்டா என் பொண்டாட்டி. நான் வீட்டுல அனுபவிக்கறதை இன்னிக்கு அவங்க அனுபவிச்சாங்க." தெரு சிரித்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவளும் சந்தோஷமாகத்தான் தூங்கினாள்.

*

மறுநாள் வானொலியில் செய்தி வந்தது. ஆலையில் இருந்த ஆயுதக்காரர்கள் சரணடைய மறுத்துச் சுட்டுக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள், எதிர்த்தாக்குதலில் எல்லாரும் மாண்டார்கள் என்றது. சரணடையச் சொல்லி யாரும் கூப்பிட்டதாகவே செய்தியில் இல்லை. மைக் அக்கா கையில் தட்டோடு நின்று கேட்டாள். கணவர் எழுந்து போய் வானொலியை அணைத்தார்.

"ஏதோ தப்பாச் சொல்றான்" என்றார்.

"கையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நான் பார்த்தேன்."

"நீ பார்த்ததுக்கப்புறம் என்னமோ நடந்திருக்கும். உனக்கு அதுக்கும் சம்பந்தமில்ல. எழுதிக் கொடுத்ததைப் படிச்சே. ரயில் கவுந்தா அறிவிச்சவ பேர்லயா கேஸ் போடுவாங்க?"

எழுதிக் கொடுத்ததோடு தான் நிறுத்தவில்லை என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சமாதானம் வந்தது. அது வந்த விதம் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. எங்கோ தூரத்து நகரத்தில் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்லச் சொன்ன இரு தரப்புத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பாலம் திறந்தது. காலை வண்டி பழையபடி அந்தக் கரைக்கும் போய் வந்தது. சண்டையின்போது ஆளுக்கொரு பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது எதுவுமே நடக்காத மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டையும் மீறக் கூடாது.

மைக் அக்காவுக்கு மட்டும் வேலை ஓடவில்லை. நிலைய அதிகாரி போனில் "வண்டி பத்து நிமிஷத்துல வருதுன்னு சொல்லிடும்மா, கூட்டம் சத்தம் போடுது" என்பார்.

"நிஜமா பத்து நிமிஷமா சார்?"

"யாருக்குத் தெரியும்? சும்மா சொல்லு."

"எனக்குத் தெரியாம நான் சொல்ல மாட்டேன் சார்." பிறகு மைக்கில் சொல்வாள்: "பயணிகள் கவனத்திற்கு. காலை வண்டி எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது." நடைமேடையில் ஒரே அமளி. அக்காவுக்குக் கழன்றுவிட்டது என்றார்கள் போர்ட்டர்கள். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு நாள் இளம் பெண் ஒருத்தி, கையில் ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு, அறிவிப்பு அறை ஜன்னலைத் தட்டினாள். "அன்னிக்கு நீங்க கூப்பிட்டதாலதான் இவன் உயிரோட இருக்கான், அக்கா. உள்ள இன்னும் ஒரு நாள் இருந்திருந்தா இருமியே செத்திருப்பான்" என்று சொல்லி, பையனின் கையை ஜன்னல் வழியாக நீட்டச் சொன்னாள். மைக் அக்கா அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

இந்தப் பிள்ளை இருக்கிறான். அது பொய்யில்லை. அந்த ஆண்கள் இல்லை. அதுவும் பொய்யில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்டலாமா என்று பல நாள் பார்த்தாள். கேப்டன் சொன்ன பீரங்கியை நினைத்துக்கொள்வாள். அது வந்திருந்தால் எல்லாருமே போயிருப்பார்கள், ஆகவே செய்தது நல்லதுதான் என்று ஒரு முடிவுக்கு வருவாள். உடனே அந்த விரல்கள் அசைந்தது நினைவுக்கு வரும். முடிவு கலைந்து போகும்.

*

வயதான ஒரு அம்மாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பகலில் வீட்டுக்கே வந்தாள். அந்தக் கரையில் பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவுகிற வேலை. தண்ணீரிலும் சோப்பிலும் ஊறி விரல்களெல்லாம் வெடித்திருந்தன. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"நீங்கதானே ஸ்டேஷன்ல பேசறவங்க?"

"ஆமாம்மா."

"என் மகன் ஆலையில மெஷின் ஓட்டினான். அன்னிக்கு உள்ளதான் இருந்தான். அவன்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

லென்ஸ்காரக் கணவர் நடுவில் வந்தார். "அம்மா, நடந்தது நடந்து போச்சு. இவ என்ன பண்ணுவா? இவ தம்பியும்தான் பஸ் ஸ்டாண்டுல செத்தான். நாங்க யார்கிட்டப் போய்க் கேட்டோம்?"

அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். "தெரியும் தம்பி. இங்க வர்ற வழியில சொன்னாங்க. அவனுக்கும் சேர்த்து அழறேன்னு பொய் சொல்ல மாட்டேன். என்கிட்ட அவ்வளவு இல்ல." பிறகு மைக் அக்காவிடம் திரும்பினாள். "ரேடியோவுல, அவங்க சுட்டுக்கிட்டே ஓடி வந்தாங்கன்னு சொல்றாங்க. லாரியில வந்த பொம்பளைங்க, நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்றாங்க. எது நிஜம்?"

"கூப்பிட்டேன்."

"என்னன்னு கூப்பிட்டீங்க? அதை அப்படியே சொல்லுங்க."

மைக் அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். தாள் கேப்டனிடமே போய்விட்டது. ஆனால் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அவள் சொன்னாள். கணவரும் மகளும் முதல் முறையாக அதைக் கேட்டார்கள். எந்தத் தீங்கும் நேராது என்ற இடத்தில் அந்த அம்மாள் கண்ணை மூடினாள்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா. அதுக்கு யாரும் வரல. அப்புறம் நானா சொன்னேன். நான்தான் பேசறேன், பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, வாங்கன்னு நானாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் வாசல் திறந்தது."

அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"அவன்கிட்ட துப்பாக்கி இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது" என்றாள் அந்த அம்மாள். "இருந்தாத்தான் என்ன? கீழ போட்டுட்டு வான்னு சொன்னீங்க. போட்டுட்டுத்தானே வந்தான்? சண்டையில செத்திருந்தா, சரி, சண்டைக்குப் போனான் செத்தான்னு இருந்திருப்பேன். சண்டையை விட்டுட்டு வந்தவனை ஏன் கொன்னாங்க?"

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் விசாரணைக் குழு வருது. நாங்க சொன்னா, அந்தப் பக்கத்து ஆளுங்க பொய் சொல்றாங்கன்னுவாங்க. நீங்க இந்தப் பக்கம். வந்து சொல்லுங்க. உங்களை மன்னிப்பேன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க. அது என்னால முடியுமான்னு தெரியாது. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் போன பிறகு லென்ஸ்காரர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ போனா நாம இந்தத் தெருவுல இருக்க முடியாது. பொண்ணு இருக்கா. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு வருஷமா."

"உன் தம்பியைக் கொன்னவங்களுக்காகவா போய் நிக்கப் போறே?"

"அவனைக் கொன்னவங்களுக்கு அவன் கையில இருந்த பழப் பை கண்ணுல படல. யாரு, என்னன்னு பார்க்காம கொன்னாங்க. நான் அப்படி இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

மகள்தான் கேட்டாள். "அம்மா, நீ போகலேன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

அந்தச் சொற்கள் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

*

நகர மன்றக் கூடத்தில் விசாரணை நடந்தது. மேடையில் மூன்று பேர். வலது பக்க நாற்காலிகளில் இந்தக் கரைக்காரர்கள், இடது பக்கம் அந்தக் கரைக்காரர்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. மைக் அக்கா பேரைக் கூப்பிட்டதும் வலது பக்கத்திலிருந்து எழுந்து போனாள். லென்ஸ்காரர் வர மாட்டேன் என்று காலையில் சொல்லியிருந்தார். ஆனால் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுதிக் கொடுத்ததையும் தானாகச் சொன்னதையும் சொன்னாள். அவர்கள் கையைத் தூக்கி வந்ததையும் துப்பாக்கிகள் வாசலில் குவிந்து கிடந்ததையும் பாலத்தில் கேட்ட சத்தத்தையும் சொன்னாள். ராணுவத்தின் வக்கீல் எழுந்தார்.

"உங்களை யாராவது மிரட்டி வரச் சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"பணம்?"

"இல்லைங்க."

"சுட்டதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"இல்லைங்க. சத்தம்தான் கேட்டேன்."

"ஆகவே உங்களுக்கு எதுவும் தெரியாது."

"நான் வாக்குக் கொடுத்தது எனக்குத் தெரியுங்க. வந்தவங்க திரும்பிப் போகலேங்கறதும் தெரியும்."

வலது பக்கத்திலிருந்து ஒருவன் "துரோகி" என்று கத்தினான். இடது பக்கத்திலும் யாரும் கைதட்டவில்லை. அங்கேயிருந்து ஒரு பெண் "எங்க ஆம்பளைங்களை நீதாண்டி கொன்னே" என்று அழுதாள். இரண்டும் ஒரே சமயத்தில் காதில் விழுந்தன. அவள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

பல மாதம் கழித்து அறிக்கை வந்தது. முரண்பட்ட சாட்சியங்கள் இருப்பதால் உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை என்றது. யாருக்கும் தண்டனை இல்லை. அந்தக் கேப்டனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. மைக் அக்காவைச் சரக்கு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. நிலைய அதிகாரி, "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. கணவர் அட்டையை வெட்டி ஒட்டினார். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். பழைய சிரிப்பு வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் கணவர் ஒரு தடவைகூட, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் அவளுக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

சரக்கு அலுவலகத்துக்கு ஒரு மத்தியானம் ஒருவன் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றான். ராணுவத்திலிருந்து விலகியவன் என்று அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவள் சீட்டு எழுதும்போது குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"நீங்கதானே சாட்சி சொன்னது?"

"ஆமா."

"நான் அன்னிக்கு அங்க இருந்தேன்." சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். "கேப்டன் உங்ககிட்டப் பொய் சொல்லலக்கா. நிஜமாத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாரு. லாரி போனப்புறம் வயர்லெஸ்ல உத்தரவு வந்துச்சு. அவரு கத்தினாரு. வாக்குக் கொடுத்திருக்கேன், முடியாதுன்னு கத்தினாரு. அப்புறம் வயர்லெஸ்ஸைத் தூக்கி எறிஞ்சாரு. கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு. அப்புறம் எங்களைப் பார்த்து, செய்யுங்கடான்னாரு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இவ்வளவு நாளும், அவர் பொய்யரா என்பது தெரிந்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். தெரிந்துவிட்டது. ஆறவில்லை. பொய்யராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. நல்லவர், கொஞ்ச நேரம் நின்று யோசித்தவர், அவரே செய்யுங்கடா என்று சொன்னால், பிறகு சண்டையில் யார் நல்லவர் என்பதால் யாருக்கு என்ன லாபம்?

"நீ?" என்றாள்.

"நான் சுடல" என்றான். பிறகு, "சுட்டேன்" என்றான். "கல் உடைக்கிற மெஷினுக்குப் பின்னாடி சுண்ணாம்புப் பள்ளம் ஒண்ணு இருக்கு. பாதி மூடியிருக்கும். அங்கதான். இனி எந்த விசாரணை வந்தாலும் நான் போய்ச் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. நீங்க என்ன வேணா செய்யுங்க."

சைக்கிளை விட்டுவிட்டுப் போனான். அதற்கான ரசீதைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. சைக்கிளை அவள் அவனுடைய ஊருக்கு அனுப்பி வைத்தாள்.

அன்றைக்கே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து, பேருந்துப் பணிமனைக்கு நடந்தாள். அந்த அம்மாள் ஒரு பேருந்தின் அடியில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மைக் அக்கா சொன்னதைக் கேட்டாள். குழாயை மூடினாள். உள்ளே போய் மேற்பார்வையாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, "வாங்க" என்றாள். இருவரும் சேர்ந்து ஆலைக்கு நடந்து போனார்கள்.

தோண்டுவதற்கு அனுமதி வாங்கவே பாதி வருஷம் ஆனது. வெளிநாட்டிலிருந்து சிலர் தூரிகையும் சல்லடையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். வேலிக்கு உள்ளே குடும்பத்தார், வெளியே மற்றவர்கள். மைக் அக்கா வெளியே நின்றாள். தினமும் வேலை முடிந்து வந்து நின்றாள். யாரும் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பு எல்லாவற்றையும் தின்றிருந்தது. மிஞ்சிய எலும்புகளை வெள்ளைத் துணிகளில் தனித்தனியாக வைத்தார்கள். எது யார் என்று சொல்ல முடியவில்லை. குடும்பத்தாரின் இரத்தம் எடுத்து எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க ரொம்ப நாள் ஆகும் என்றார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த அம்மாள் துணிகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு துணிக்குப் பக்கத்தில் உட்காருவாள், கொஞ்ச நேரம் இருப்பாள், எழுந்து அடுத்ததுக்குப் போவாள். ஒரு பத்திரிகைக்காரன் வேலியோரம் நின்ற மைக் அக்காவிடம் வந்து கேட்டான்.

"போரைப் பத்தி இப்ப என்ன நினைக்கறீங்க, அம்மா?"

"போர் கெட்டதுன்னு எல்லாருமே சொல்றாங்க தம்பி. அதை நடத்தறவங்களும் சொல்றாங்க. நான் புதுசா என்ன சொல்ல? உன்னை நம்பி ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு வந்தா அவன் வீடு போய்ச் சேரணும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவன் எழுதிக்கொண்டு போனான். அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது அந்த அம்மாள் வேலிக்கு அருகே வந்தாள். முட்டி வரை வெள்ளையாக இருந்தது. "எது என்னோடதுன்னு தெரியல" என்றாள். "அதனால எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்."

மைக் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"வர்றேன்."

"வர்றதுன்னா குடை எடுத்துட்டு வாங்க. நிக்கற இடத்துல நிழலே இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறுபடியும் உள்ளே போனாள்.